இரவுக் காசும் நேரத்தாளும்: ஜேர்மனியில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு

ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனாலும் எனக்கு வேலை விடாது. மோர் வாங்க வரிசையில் நிற்கும்போது யாராவது ஒரு கடைக்காரர் பக்கத்தில் வந்து, "அண்ணை, இரவு வேலைக்குக் குடுக்கிற காசுக்கு ஸ்ரொயர் இல்லையாம், உண்மையோ?" என்று காதுக்குள் கேட்பார். ஸ்ரொயர் என்றால் வரி. உண்மைதான். ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு போய், அந்த மாதமே ஆளுக்கு இருநூறு யூரோ "இரவுக் காசு" என்று எழுதிக் கொடுக்கிறவர்தான் நாலு வருடம் கழித்து என் மேசைக்கு முன்னால் முகம் கறுத்து உட்கார்ந்திருப்பார்.

நான் டோட்முண்டில் சம்பளக் கணக்குப் போடுகிறவன். அதற்கு முன் ஒன்பது வருடம் பாண் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. என் சம்பளத் தாளில் அப்போது நாலைந்து பதிவு கூடுதலாக இருக்கும். அவை என்ன என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பகல் ஆட்களை விடக் கைக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான் தெரியும். பிறகு படித்து இந்தப் பக்கம் வந்தபோதுதான் அந்தப் பதிவுகளுக்குப் பின்னால் இருந்த கணக்கு விளங்கியது.

வருமான வரிச் சட்டத்தின் 3பி பிரிவு சொல்வது இதுதான். ஒருவர் இரவிலோ ஞாயிறிலோ அரச விடுமுறை நாளிலோ உண்மையாக வேலை செய்த மணித்தியாலங்களுக்கு, அவருடைய அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே நீங்கள் ஒரு சூஷ்லாக், அதாவது மேலதிகக் கொடுப்பனவு, கொடுத்தால் ஓர் அளவு வரை அதற்கு வரி இல்லை. சமூகக் காப்புறுதிக் கட்டணமும் இல்லை. முதலாளிக்கு லாபம் இந்த இரண்டாவதில்தான். சாதாரணமாக 100 யூரோ சம்பளம் கூட்டினால் உங்கள் பங்குக்கு ஓய்வூதியம், கிராங்கன்காஸ என்கிற மருத்துவக் காப்புறுதி, வேலையில்லாக் காப்புறுதி, பராமரிப்புக் காப்புறுதி என்று இன்னும் சுமார் 21 யூரோ போகும். இந்த 100 யூரோவுக்கு அது போகாது. வேலை செய்கிறவருக்கும் ஒரு சதம் குறையாமல் போய்ச் சேரும்.

அளவுகளைப் பார்ப்போம். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை, மணிச் சம்பளத்தின் 25 சதவீதம். ஞாயிறு 50 சதவீதம். அரச விடுமுறை நாட்களுக்கும், டிசம்பர் 31 பிற்பகல் 2 மணிக்குப் பிறகும் 125. டிசம்பர் 24 பிற்பகல் 2 மணிக்குப் பிறகு, டிசம்பர் 25, 26, மே 1 ஆகியவற்றுக்கு 150. இரவு வீதத்தை ஞாயிறோடும் விடுமுறையோடும் கூட்டலாம். ஞாயிறையும் விடுமுறையையும் ஒன்றோடொன்று கூட்ட முடியாது. நத்தார் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் 150தான், 200 அல்ல. விடுமுறை என்பது வேலை செய்கிற இடத்தின் மாநிலத்தைப் பொறுத்தது. நவம்பர் 1 எங்கள் நோர்ட்ரைன் வெஸ்ட்பாலனில் விடுமுறை, பெர்லினில் சாதாரண நாள். இரண்டு இடத்திலும் கடை வைத்திருப்பவர் ஒரே அட்டவணையைப் போட்டால் கணக்குப் பிழையாகிவிடும்.

இவை எல்லாம் உச்ச அளவுகள், கட்டாயம் அல்ல. ஞாயிறுக்கு 50 கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. கொடுத்தால் 50 வரை வரி கேட்கமாட்டோம் என்றுதான் சொல்கிறது. 20 கொடுத்தாலும் சரி, அந்த 20க்கு வரி இல்லை.

இனி நடுச்சாமக் கணக்கு. பலர் தவற விடுவது இதைத்தான். நடு இரவு 12க்கும் 4 மணிக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு 25 அல்ல, 40 சதவீதம் வரை வரியில்லாமல் கொடுக்கலாம். ஆனால் வேலை 12 மணிக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும். நான் வேலை செய்த பாண் தொழிற்சாலையில் மா குழைக்கிறவர்கள் இரவு 11.45க்கு உள்ளே வருவோம். பொதி செய்கிறவர்கள் 12.30க்கு வருவார்கள். அந்த முக்கால் மணி வித்தியாசம் ஏன் என்று எனக்கு அன்று தெரியாது. அடுப்புக்கும் மாவுக்கும் உள்ள ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். அது ஒரு காரணம்தான். ஆனால் சம்பளத் தாளில் எங்களுக்கு 12 முதல் 4 வரை 40 சதவீதம், அவர்களுக்கு 25. ஒரே நேரம், ஒரே கூரை, வீதம் மட்டும் வேறு.

இதைக் கேட்டுவிட்டு ஒரு கடைக்காரர் என்னிடம், "அப்ப எல்லாரையும் 11.55க்கு வந்ததெண்டு எழுதட்டோ?" என்று கேட்டார். உண்மையில் 11.55க்கு வரவைத்து வேலை கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தால் எழுதலாம். வராத ஆளை வந்ததாக எழுதினால் அது பொய்க் கணக்கு.

ஒரு இரவை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். மணிக்கு 15 யூரோ வாங்குகிற ஒருவர் சனி இரவு 10 மணிக்கு வந்து ஞாயிறு காலை 6க்குப் போகிறார். 1 மணி முதல் 1.30 வரை சாப்பாட்டு இடைவேளை. சனி 10 முதல் 12 வரை இரண்டு மணித்தியாலம், வெறும் இரவு வீதம் 25 சதவீதம், மணிக்கு 3.75, மொத்தம் 7.50 யூரோ. 12 முதல் 4 வரை இடைவேளை போக மூன்றரை மணித்தியாலம். இரவுக்கு 40, ஞாயிறுக்கு 50, ஆக 90 சதவீதம், மணிக்கு 13.50, மொத்தம் 47.25. 4 முதல் 6 வரை இரண்டு மணித்தியாலம், 25உம் 50உம் சேர்ந்து 75 சதவீதம், மணிக்கு 11.25, மொத்தம் 22.50. எல்லாம் கூட்டினால் 77.25 யூரோ. அடிப்படைச் சம்பளம் ஏழரை மணிக்கு 112.50. அதற்கு வழமை போல வரியும் கட்டணமும் உண்டு, 77.25க்கு எதுவும் இல்லை. இடைவேளையைக் கழிக்காமல் எட்டு மணித்தியாலம் போட்டால் 84 யூரோ வரும். கூடிவிட்ட அந்த 6.75, வேலை செய்யாத நேரத்துக்குக் கொடுத்தது. கணக்குப் பார்க்க வருகிறவர் முதலில் தேடுவது இதைத்தான்.

அதே ஆள் ஞாயிறு இரவு 10க்கு வந்து திங்கள் காலை 6 வரை செய்தால்? ஞாயிறு 10 முதல் 12 வரை 75. திங்கள் 12 முதல் 4 வரை 90, ஏனென்றால் 12க்கு முன் தொடங்கிய வேலைக்கு அந்த நாலு மணித்தியாலமும் ஞாயிறாகவே எண்ணப்படும். 4க்குப் பிறகு 25 மட்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு மணிக்கூலியை எடுக்க, வார மணித்தியாலத்தை 4.35ஆல் பெருக்குங்கள். 40 மணி வாரத்துக்கு 174. மாதம் 3,045 யூரோ என்றால் மணிக்கு 17.50. மாதாமாதம் வருகிற நிலையான தொகைகளும் இதில் சேரும். ஓவர்டைம் காசும் வருட போனசும் சேராது. கணக்கில் எடுக்கும் மணிக்கூலிக்கு இரண்டு உச்ச எல்லைகள் உண்டு: வரிக்கு 50 யூரோ, சமூகக் காப்புறுதிக்கு 25 யூரோ. மணிக்கு 30 யூரோ வாங்குகிறவருக்கு இரவுக்கு 7.50 கொடுத்தால் முழுதும் வரி இல்லை; ஆனால் 6.25க்கு மேல் உள்ள 1.25க்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

ரெஸ்ரோரண்ட் வைத்திருப்பவர்கள் இரவு வேலை தங்களுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறார்கள். வரிச் சட்டத்துக்கு இரவு 8 மணிக்கே தொடங்கிவிடுகிறது. உங்கள் சமையல்காரர் மணிக்கு 15 யூரோ, வாரம் 40 மணி, ஐந்து நாளும் இரவு 11 வரை நிற்கிறார் என்று வையுங்கள். 8 முதல் 11 வரை மூன்று மணித்தியாலம், வாரம் 15, மாதம் 65.25. அதற்கு 25 சதவீதம் கொடுத்தால் மாதம் கிட்டத்தட்ட 245 யூரோ. அவர் சம்பள உயர்வு கேட்கும்போது மணிக்கு 1.40 கூட்டினாலும் உங்களுக்கு ஏறக்குறைய அதே 245தான். ஆனால் அந்த வழியில் உங்கள் பங்காக இன்னும் 50 யூரோவுக்கு மேல் போகும். அவர் தனி ஆளாக வரி வகுப்பு 1இல் இருந்தால் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும். சூஷ்லாக் வழியில் முழுதும் வரும். அடுத்த முறை யாராவது சம்பளம் கூட்டித் தரச் சொன்னால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. ஏற்கெனவே பேசிய 15 யூரோவை 12 என்று எழுதி, மீதி மூன்றைச் சூஷ்லாக் என்று பிரிப்பது. மேலதிகம் என்றால் அடிப்படைக்கு மேலே. அதோடு 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90. இரவுச் சூஷ்லாக்கை அதற்குள் அடக்கிக் காட்ட முடியாது. "மாதம் கைக்கு இரண்டாயிரம் தருவன்" என்று வாயால் பேசி ஆள் எடுக்கும் எங்கள் பழக்கமும் இங்கே உதவாது. எது அடிப்படை, எது மேலதிகம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்: எந்த நேரத்துக்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து. பழைய தேதி போட்டு எழுதாதீர்கள்.

இனி நேரத்தாள். எங்கள் ஆட்கள் ஸ்ருண்டன்செற்றல் என்று சொல்வது. இந்தச் சலுகை முழுதும் அந்த ஒரு தாளில் தொங்குகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாக, தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை எப்போது. "இரவு 6 மணித்தியாலம்" என்று எழுதினால் போதாது. எந்த ஆறு என்பதில்தான் 25ஆ, 40ஆ, 90ஆ என்பது இருக்கிறது. ரெஸ்ரோரண்டுக்கும் கட்டடத் துப்புரவு நிறுவனங்களுக்கும், எந்தத் தொழிலானாலும் மினிஜொப் (மாதச் சம்பளம் ஓர் எல்லைக்குள் இருக்கும் சிறு வேலை) ஆட்களுக்கும், குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி ஏழு நாளுக்குள் நேரத்தை எழுதி இரண்டு வருடம் வைத்திருக்கத்தான் வேண்டும்; சுங்கத்துறை ஆட்கள் கேட்பது அதை. ஆனால் சூஷ்லாக் கொடுக்கிறவர் இரண்டு வருடத்தில் தாளைக் குப்பையில் போடக் கூடாது. ஓய்வூதியக் காப்புறுதியின் கணக்காய்வு நாலு வருடத்துக்கு ஒரு முறையாவது வரும். சம்பளக் கோப்போடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு ரெஸ்ரோரண்டுக்கு மூன்று பேரின் சம்பளம் போட்டேன். முதலாளி ஆளுக்கு மாதம் 150 யூரோ இரவுக் காசு என்றார். நானும் வரியில்லாத காசு என்று பதிந்துகொண்டே போனேன். தாள் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு தம்பி" என்றார். கணக்காய்வாளர் வந்த அன்று அவர் ஒரு பை நிறையத் தாள் கொண்டுவந்து வைத்தார். நாலு வருடத்துத் தாளும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து, மடிப்பு விழாத புதுக் கடதாசி. கணக்காய்வாளர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பெப்ரவரித் தாளை எடுத்தார்; சம்பளக் கோப்பிலிருந்து அதே ஆளின் வருத்தச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஆள் ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்திருக்கிறார். தாளில் அந்த ஐந்து நாளும் இரவு 11.30 வரை வேலை. பிறகு காசுப் பெட்டியின் நாள் முடிவுத் துண்டுகளைக் கேட்டார். 10.10க்குக் கடை மூடின நாளிலும் 11.30.

மூன்று பேர், 150 யூரோ, 48 மாதம்: 21,600 யூரோ. அது முழுவதும் சாதாரணச் சம்பளமாக மாறியது. இரண்டு பக்கக் கட்டணமும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. தொழிலாளியின் பங்கை அவரிடமே திரும்ப வாங்கலாம்தானே என்பார்கள். முடியாது. பிடிக்காமல் விட்டதை அடுத்த மூன்று சம்பளத்துக்குள்தான் பிடிக்கலாம். அதற்குப் பிறகு முதலாளியின் தலையில். வரிக்கு பினான்ஸ்அம்ற், அதாவது வரி அலுவலகம், தனியாக வந்தது. பிழையில் என் பங்கும் உண்டு. இப்போது தாளைக் கண்ணால் பார்க்காமல் சூஷ்லாக் பதிவைத் தொடமாட்டேன். இதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் போய்விட்டார்கள், பரவாயில்லை.

மாதம் மாதம் ஒரே தொகை கொடுப்பது அடியோடு தடை இல்லை. அதை முற்பணமாகக் கொடுத்து, உண்மையான மணித்தியாலங்களோடு பின்னர் நேர் செய்ய வேண்டும். பிந்தினால் வருட முடிவில், வருடாந்த வரிச் சான்றிதழ் அனுப்புவதற்கு முன். கூடக் கொடுத்திருந்தால் கூடியதற்கு வரி பிடிக்க வேண்டும். நேர் செய்யாத நிலைத் தொகை வெறும் சம்பளம்.

வருத்தமும் லீவும் இன்னொரு பொறி. இரவு முறைக்குப் போட்டிருந்த ஆள் காய்ச்சலில் படுத்தால், வந்திருந்தால் கிடைத்திருக்கும் சூஷ்லாக்கையும் சேர்த்துத்தான் வருத்தக்காலச் சம்பளம் கொடுக்க வேண்டும். லீவுச் சம்பளத்திலும் கடைசி 13 கிழமைச் சராசரியில் அது வரும். ஆனால் அந்த நாட்களில் அவர் வேலை செய்யவில்லை. ஆகவே அந்தக் காசுக்கு வரியும் உண்டு, கட்டணமும் உண்டு. சம்பள மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைக் கொடுப்பதே இல்லை. கொடுக்காவிட்டாலும் கணக்காய்வாளர், கொடுத்திருக்க வேண்டிய தொகைக்குக் கட்டணம் கேட்பார். கொடுக்காத காசுக்குக் கட்டுகிற கட்டணம் போல எரிச்சல் வேறு இல்லை.

மினிஜொப் ஆட்களுக்கு இது நல்ல வழி. 2026இல் மாத எல்லை 603 யூரோ. 13.90க்கு 43 மணித்தியாலம் செய்தால் 597.70. அதற்கு மேல் ஒரு மணி கொடுத்தால் எல்லை தாண்டும். ஆனால் சனி இரவு பிற்சா கொண்டோடுகிற மாணவனுக்கு அந்த 43 மணிக்குள் வருகிற இரவுக்கும் ஞாயிறுக்கும் வரியில்லாச் சூஷ்லாக் கொடுத்தால் அது 603க்குள் எண்ணப்படாது.

உங்களுக்கே கொடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். தனிக் கடைக்காரருக்குச் சம்பளமே இல்லை, ஆகவே இல்லை. ஜிஎம்பிஹெச் என்கிற வரையறுத்த கம்பனி வைத்து, பங்கும் வைத்திருந்து, நீங்களே நிர்வாகியாகவும் இருந்தால், அந்தக் காசை வரி அலுவலகம் பெரும்பாலும் மறைமுக லாபப் பங்கீடு என்றே எடுக்கும். இரவு முழுக்க அடுப்படியில் நின்றது நீங்கள்தான் என்றாலும் அப்படித்தான். மனைவியை வேலைக்கு வைத்திருந்தால், அதே வேலை செய்கிற வெளியாளுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதைத்தான் கொடுக்கலாம்.

வேலை நேரச் சட்டம் வேறு, அதை இதோடு குழப்பாதீர்கள். அதற்கு இரவு என்பது 11 முதல் 6. பாண் சுடும் இடங்களில் 10 முதல் 5. அந்த நேரத்தில் முறை மாற்றியோ, வருடத்தில் 48 நாளாவதோ வேலை செய்கிற இரவுத் தொழிலாளிக்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும், காசாகவோ சம்பளத்தோடு லீவாகவோ. கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் பொதுவாக 25 சதவீதம் நியாயம் என்கிறது. எப்போதும் இரவிலேயே நிற்கிறவருக்கு 30. அப்படி 30 கொடுத்தால் நடுச்சாம நாலு மணித்தியாலத்துக்கு வெளியே மேலதிக 5க்கு வரி உண்டு.

ஆன்ட்வேர்ப்பனில் இருக்கும் மச்சான் ஒரு தரம், "எங்கட முதலாளிக்கு அரசாங்கம் காசு குடுக்குது" என்றான். பெல்ஜியத்தில் வழி வேறு. அங்கே தொழிலாளியிடம் வரியை முழுதாகப் பிடித்துவிட்டு, முறை வேலையும் இரவு வேலையும் செய்கிறவர்களின் வரிக்குரிய சம்பளத்தில் 22.8 சதவீதத்துக்குச் சமமான தொகையை அரசுக்குக் கட்டாமல் முதலாளி வைத்துக்கொள்ளலாம். ஆள் மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரமாவது அப்படி வேலை செய்திருக்க வேண்டும். அவனுக்குக் கைக்கு வருவதில் மாற்றம் இல்லை. அங்கே கேட்டதை இங்கே வைத்துக் கதைக்காதீர்கள்.

உங்கள் ஆட்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். கட்டணம் கட்டாத காசு ஓய்வூதியத்தில் சேராது. நீண்ட வருத்தத்தில் கிராங்கன்காஸ கொடுக்கும் பணத்திலும், வேலையில்லாப் பணத்திலும், குழந்தை பிறந்தால் வரும் எல்ரன்கெல்டிலும் அது எண்ணப்படாது. மகப்பேற்றுக்குத் திட்டமிடும் ஒரு பெண்ணுக்கு மாதம் 245 யூரோ சூஷ்லாக்கை விட மணிக்கு 1.40 உயர்வு நல்லதாகக்கூட இருக்கலாம். நான் அப்படி ஒருவருக்குச் சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டினேன்.

விபத்துக் காப்புறுதியை மறந்துவிடாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் விலக்கான இந்தக் காசு, அந்தக் காப்புறுதியை நடத்தும் பெறூவ்ஸ்கெனோசன்ஷாவ்ற்றுக்கு மட்டும் சம்பளம்தான். வருடா வருடம் பெப்ரவரி 16க்குள் அனுப்பும் சம்பள அறிக்கையில் சூஷ்லாக்கையும் கூட்டித்தான் எழுத வேண்டும்.